கருவி தருவது காற்பங்கே

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆசிரியை ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

'மின்வழிக் கல்வி' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். இசையும் நாடகமும் காணக் காத்திருக்கும் அவையின் முன்னே கல்வியைப் பற்றிப் பேச எழுபவர்க்குச் சிறிது அச்சம் தோன்றுவது இயல்பு. ஆயினும் இப்பொருளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஓரளவு உரிமை உண்டு என எண்ணுகிறேன். இத்தலைநகரில் இருபத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்த நான், நாற்பத்தெட்டாம் வயதில் மீண்டும் மாணவியாகி, கல்வியியலிலும் மின்வழிக் கற்பித்தலிலும் முதுகலைப் பட்டத்திற்குப் படித்தேன். படித்தது எதற்காக, படிப்பில் கற்றது யாது, அதனை முடிக்க எனக்குத் துணை நின்றது எது என்னும் மூன்றையும் கூறி, இறுதியில் சங்கத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்க விழைகிறேன்.

முதலில், படித்ததன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அது பெருமைக்குரிய காரணம் அன்று.

2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் இரவு நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே தலைநகரில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. ஏப்ரல் மாதத்தில், கைப்பேசி வழியாக வகுப்பு நடத்துக என்று எங்களுக்கு ஆணை வந்தது. எவ்வாறு நடத்துவது என்று சொல்லிக் கொடுப்பார் ஒருவரும் இலர். கரும்பலகையின் முன் நின்று, பிள்ளைகளின் கண்களைப் பார்த்துப் பாடத்தின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பழகியவள் நான். அந்நாளில் நாற்பது சிறு கட்டங்களின் முன் அமர்ந்து பேசலானேன். கட்டங்களில் பெயர் இருந்தது, முகம் இல்லை.

அவ்வகுப்பில் ஒரு மாணவன். ஒன்பதாம் வகுப்பு. அவன் பெற்றோர் சேலம் மாவட்டத்திலிருந்து பிழைப்பு நாடி இங்கு வந்தவர்கள். தாய் நாலைந்து வீடுகளில் வேலை செய்பவர். தந்தை சுமைவண்டி ஓட்டுபவர். பள்ளி நடந்த காலத்தில், வகுப்பு முடிந்து எல்லாரும் வெளியேறிய பின்பு, என்னிடம் வந்து தமிழில் இரண்டொரு சொல் பேசிவிட்டு ஓடுவான். அந்த மாணவன் ஜூலை மாதம் முதல் வகுப்பிற்கு வருவது அரிதாயிற்று. வந்தாலும், அவன் பெயர் தோன்றிய ஐந்தாறு நிமிடங்களில் மறைந்துவிடும். நான் அவனைச் சோம்பேறி எனக் கருதினேன். ஒருநாள், மற்ற முப்பத்தொன்பது பேரும் கேட்க, அவனைக் கடிந்தும் பேசினேன். அவன் மறுமொழி கூறவில்லை.

தீபாவளி கழிந்து, கடைத்தெருவில் அவன் தாயைக் கண்டேன். அந்த அம்மையார் வருத்தமின்றி, குறை சொல்லும் எண்ணமுமின்றி, உள்ளதைச் சொன்னார். வீட்டில் உள்ள கைப்பேசி ஒன்றே. அது நாள்தோறும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். தந்தைக்கு வேலை கிடைக்காத நாளில் கைப்பேசி வீட்டில் இருக்கும். ஆனால் அன்று இணையத்திற்குப் பணம் இராது. எஞ்சியிருந்தது தீரும் வரையில் அவன் என் வகுப்பில் இருந்தான். அவ்வளவே. மறு ஆண்டு அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை. தந்தையோடு வண்டியில் போகிறான் என்றார்கள்.

பெரியோர்களே, இது ஒரு வீட்டின் கதை மட்டும் அன்று. ஊரடங்கிற்கு முன்பே, 2017-18ஆம் ஆண்டில், தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றில் கல்வி பற்றிய கணக்கு எடுக்கப்பட்டது. அதன்படி நம் நாட்டில் நூறு வீடுகளுள் ஏறத்தாழ 11 வீடுகளிலேயே கணிப்பொறி இருந்தது. இணைய வசதி இருந்தவை ஏறத்தாழ 24. சிற்றூர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கணிப்பொறி நூற்றுக்கு 4, இணையம் 15. ஓர் ஆசிரியை அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. நான் அறியவில்லை. வேதியியலை அறிவேன், என் வகுப்பறை வேறு உருவம் கொண்டபோது அதனுள் யார் இருக்கிறார், யார் இல்லை என்று காணும் கண் எனக்கு இல்லை. அந்தக் கண்ணைத் தேடியே 2021ஆம் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் சேர்ந்தேன்.

அங்குக் கற்றது யாது? மின்வழிக் கல்விக்குப் பட்டம் என்றவுடன், கணிப்பொறியை இயக்கவும் படக்காட்சி தயாரிக்கவும் கற்பிப்பர் என்றே பலர் எண்ணுகின்றனர். அதுவும் உண்டு, ஆனால் அது சிறு பகுதி. படிப்பின் பெரும்பகுதி, 'மனிதன் எவ்வாறு கற்கிறான்' என்னும் பழைய வினாவே. 1954ஆம் ஆண்டில் ஸ்கின்னர் என்னும் உளநூல் அறிஞர், பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியிலும் மாணவனின் விடை சரியா தவறா என்று உடனே காட்டும் கற்பிக்கும் பொறியைப் பற்றி எழுதினார். இன்று கைப்பேசியில் பிள்ளைகள் வினாவுக்கு விடை தொட்டவுடன் பச்சையும் சிவப்பும் தோன்றுகின்றனவே, அதன் மூதாதை அதுவே. 1986ஆம் ஆண்டில் ஷுல்மன் என்பவர், பாடத்தை அறிந்திருத்தல் வேறு, அதனைப் பிள்ளைக்குப் புரியுமாறு செய்யும் அறிவு வேறு என்று பிரித்துக் காட்டினார். 2006ஆம் ஆண்டில் மிஸ்ரா, கோலர் என்னும் இருவர், இவற்றோடு கருவியைப் பற்றிய அறிவும் சேர்ந்து மூன்றும் ஒன்றாக இயைய வேண்டும் என்றனர். இம்மூன்றனுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 2020இல் நான் வகுப்பு நடத்தினேன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

எனினும் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது ரிச்சர்டு கிளார்க் என்னும் அமெரிக்க அறிஞர் 1983இல் எழுதிய கட்டுரை. அவர் கூறும் உவமை எளியது. கடைக்கு உணவுப்பொருள் ஏற்றிவரும் வண்டி நம் உடலுக்கு ஊட்டம் தருவதில்லை; ஏற்றிவந்த பொருளே தருகிறது. அதுபோல வானொலி, தொலைக்காட்சி, கணிப்பொறி யாவும் பாடத்தை ஏற்றிவரும் வண்டிகள். கற்பிக்கும் முறை எதுவோ அதுவே பயன் தருகிறது என்பது அவர் கருத்து. இதனை மறுத்தாரும் உளர். கோஸ்மா என்பவர் 1991இல், கருவிக்கென்று தனி ஆற்றல்கள் உண்டு, அவை கற்போர் மனத்தில் பொருளை வேறு வகையாக உருவாக்கத் துணைசெய்யும் என்று வாதிட்டார். அணுவினுள் நிகழ்வதை அசையும் படத்தில் காட்டிக் கற்பித்த எனக்கு அவர் கூற்றிலும் உண்மை தெரிகிறது. ஆனால் இருவருமே ஒன்றை மறுக்கவில்லை: வண்டி வந்து வாசலில் நின்றுவிட்டால் வீட்டில் சமையல் முடிந்துவிடாது.

இப்பாடத்தை நம் தலைநகரின் வரலாறே பலமுறை நமக்குக் கற்பித்திருக்கிறது. 1962ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கிற்று. நம் நாட்டில் பல்கலைக்கழகம் ஒன்று இவ்வாறு செய்தது அதுவே முதன்முறை. பகலில் அலுவலகத்தில் கோப்புகளோடு உழன்று, இரவில் அஞ்சலில் வந்த பாடத்தைப் படித்துப் பட்டம் பெற்ற எழுத்தர்கள் நம் தமிழ்க் குடும்பங்களிலும் உண்டு. இவ்வவையிலுள்ள மூத்தோர் சிலர் இதற்குச் சான்றாவர். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றன் வழியே, ஆறு மாநிலங்களில் 2400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிப் பாடங்கள் ஒளிபரப்பப்பட்டன. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி மாணவர்க்கென நாடு தழுவிய தொலைக்காட்சி வகுப்பைத் தொடங்கியது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்நகரில் தோன்றிற்று. 2017இல் 'ஸ்வயம்' என்னும் இணையப் பாடத்திட்டமும், ஆசிரியர்க்கும் பள்ளிப் பிள்ளைகட்கும் 'தீக்ஷா' என்னும் தளமும் வந்தன. ஒவ்வொரு முறையும், இனி ஆசிரியர் குறை தீர்ந்தது என்று மகிழ்ந்தோம். ஒவ்வொரு முறையும் பலர் பயன் பெற்றனர், அது பொய்யன்று. ஆனால் விலையின்றிக் கிடைக்கும் இணையப் பாடங்களில் சேர்வோர் பலர், முடிப்போர் சிலர் என்பது உலகெங்கும் கண்ட உண்மை.

இன்னொரு நிகழ்ச்சியும் சொல்லத்தக்கது. 1999ஆம் ஆண்டில் இந்நகரின் கால்காஜிப் பகுதியில், சுகதா மித்ரா என்பவர், குடிசைப் பகுதியை ஒட்டிய ஓர் அலுவலகச் சுவரில் துளையிட்டு ஒரு கணிப்பொறியைப் பொருத்தினார். ஆசிரியர் எவரும் இல்லை. தெருப்பிள்ளைகள் தாமாகவே அதனை இயக்கக் கற்றுக்கொண்டனர். உலகமெங்கும் இச்செய்தி பேசப்பட்டது. கருவியின் வெற்றி என்று பலர் இதனைப் பாராட்டினர். ஆனால் அங்கே நடந்ததைக் கூர்ந்து நோக்குக: பிள்ளைகள் தனித்தனியே கற்கவில்லை, கூட்டமாக நின்று, ஒருவனுக்குத் தெரிந்ததை மற்றவனுக்குக் காட்டிக் கற்றனர். பிற இடங்களில் அமைக்கப்பட்ட இத்தகைய கணிப்பொறிகள் சில, கவனிப்பாரின்றிப் பழுதாகிக் கிடந்ததைப் பின்னர்ச் சென்று பார்த்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கின்றனர்.

தொலைநிலைக் கல்வியைப் பற்றி நிறைய எழுதிய மைக்கேல் மூர் என்னும் அறிஞர், 1989இல் கற்போனுக்கு வேண்டிய தொடர்புகள் மூன்று என்று வகுத்தார். கற்போனுக்கும் பாடப் பொருளுக்கும் உள்ள தொடர்பு ஒன்று. கற்போனுக்கும் ஆசிரியர்க்கும் உள்ளது இரண்டாவது. கற்போர் தம்முள் கொள்வது மூன்றாவது. இப்பகுதியைப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் இதற்கு நெருங்கிய கணக்கொன்றை, பள்ளி நாளில் தமிழாசிரியர் சொல்லக் கேட்டிருந்தேன். எழுந்து நன்னூலைத் தேடி எடுத்தேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடங் கேட்கும் வரலாறு கூறப்படுகிறது. மாணாக்கன் ஆசிரியர் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் புலமையில் காற்பங்கே பெறுவான்; உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும்; தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அங்குள்ள கருத்து. அன்பர்களே, இக்கணக்கை இன்றைய நிலைக்குப் பொருத்திப் பாருங்கள். நூல், படக்காட்சி, பேராசிரியரின் உரை யாவும் கைப்பேசியில் வந்து குவிகின்றன. ஆயினும் அவை எல்லாம் சேர்ந்து முதற் காற்பங்கு. எஞ்சிய முக்காற்பங்கும் மனிதர் மனிதரோடு கூடிய இடத்தில் விளைவது. கருவி அதற்கு வழி திறக்கலாம். வழியில் நடந்து வர ஆள் வேண்டும்.

இதனை நான் ஏட்டில் மட்டும் கற்கவில்லை, பட்டும் கற்றேன். முதற் பருவத்தில் ஊக்கம் மிகுந்திருந்தது. இரண்டாம் பருவத்தில் அது தளர்ந்தது. பகலெல்லாம் பள்ளி, மாலையில் வீடு, இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசியில் விரிவுரை. பேராசிரியர் பேசிக்கொண்டே இருப்பார்; நான் உறங்கிப் போயிருப்பேன். வேலை விரைவில் முடியட்டும் என்று ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கத் தொடங்கினேன். நான்கில் ஒரு பங்கும் மனத்தில் தங்கவில்லை. ஒரு முறை, மூன்று வாரம் முயன்று ஓர் ஒப்படைப்புக் கட்டுரை எழுதினேன். என் பள்ளியில் ஊரடங்கின்போது விடுபட்ட பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை அது. அந்த மாணவனைப் பெயர் சொல்லாது அதில் எழுதியிருந்தேன். இரண்டு மாதம் கழித்து விடைத்தாள் திரும்பிற்று. மேலே ஓர் எண் இருந்தது. நல்ல எண்தான். ஆனால் பன்னிரண்டு பக்கத்திலும் ஒரு கோடு இல்லை, ஒரு சொல் இல்லை. படித்தார்களா என்றே எனக்கு ஐயம். அன்றிரவு, இப்படிப்பு போதும், விட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான், பிள்ளைகள் வகுப்பில் மறுமொழி பெறாமல் இருப்பது எத்தகைய துன்பம் என்பது எனக்குப் புரிந்தது. நானும் எத்தனை விடைத்தாள்களில் எண் மட்டும் இட்டுத் திருப்பியிருக்கிறேன்!

என்னைத் தடுத்து நிறுத்தியது இச்சங்கத்தின் நூலகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நூல் திருப்பிக் கொடுக்க வந்தேன். அங்கே இரு பெண்மணிகள் பாடநூலை விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தனர். ஒருவர் கணவரின் பணிமாற்றத்தால் ஐந்து ஊர்களில் குடியிருந்து, இருமுறை படிப்பை இடையில் விட்டவர். ஆசிரியப் பணிக்கு மீளவேண்டும் என்னும் விருப்பினர். மற்றவர் அலுவலக எழுத்தர். ஓய்வுக்குமுன் ஒரு பட்டமேனும் பெற வேண்டும் என்பவர். எங்கள் படிப்பு வேறு வேறு. பல்கலைக்கழகமும் வேறு வேறு. ஆயினும் ஞாயிறுதோறும் பத்து முதல் பன்னிரண்டு மணி வரை கூடுவது என்று முடிவு செய்தோம். பின்னர் நால்வரானோம். விதி ஒன்றே: அவ்வாரம் தான் படித்ததில் ஒரு பகுதியை மற்றவர்க்குப் புரியுமாறு தமிழில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் படித்துவிட்டேன் என்று எண்ணியிருந்த பலவும், தமிழில் சொல்ல முயன்றபோது எனக்கு விளங்கவே இல்லை என்பது வெளிப்பட்டது. மீண்டும் படித்தேன். என் கட்டுரையை எழுத்தர் அம்மையார் வாங்கிப் படித்து, ஓரத்தில் பென்சிலால், "அந்தப் பையன் இப்போது எங்கே?" என்று மட்டும் எழுதித் தந்தார். எனக்குக் கிடைத்த மதிப்புரைகளில் அதுவே சிறந்தது. 2023இல் படிப்பை முடித்தேன். நால்வரில் மூவர் முடித்தோம். ஒருவர் குடும்பக் காரணத்தால் ஊர் மாறினார். அவரும் விடவில்லை, ஞாயிறு காலையில் கைப்பேசி வழியே எங்களோடு அமர்கிறார். கருவிக்கு நான் பகையல்லள் என்பதற்கு இதுவே சான்று.

இத்தகைய படிப்பில் சேர விரும்புவோர்க்கு எச்சரிக்கையாக இரண்டு சொற்கள். முதலாவது, விளம்பரத்தை நம்பிச் சேராதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை நடத்த ஒப்புதல் பெற்றுள்ளது என்ற பட்டியலை வெளியிடுகிறது. பணம் செலுத்துமுன் அதனைப் பாருங்கள். ஒப்புதல் பெற்ற பட்டம் கல்லூரிக்குச் சென்று பெற்ற பட்டத்திற்கு நிகராகவே கொள்ளப்படும். இரண்டாவது, பள்ளி ஆசிரியராக விரும்பிப் பி.எட். பட்டத்திற்குப் படிப்போர் அறிய வேண்டியது, அதற்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் ஏற்பு வேண்டும். 2014ஆம் ஆண்டு வகுத்த விதிகளின்படி இரண்டாண்டுப் படிப்பில் இருபது வாரம் பள்ளியில் பயிற்சி பெறுதல் வேண்டும். வீட்டில் இருந்தபடியே முழுவதும் கைப்பேசியில் முடித்துவிடலாம் என்று எவரேனும் சொன்னால் விலகி நில்லுங்கள். பிள்ளையின் முகம் காணாமல் ஆசிரியப் பயிற்சி இல்லை.

இனி, சங்கத்தாரின் முன் என் வேண்டுகோள். நம் சங்கக் கட்டடத்தில் ஞாயிறு காலையில் ஓர் அறை வெறுமையாகவே இருக்கிறது. அதனைத் தொலைநிலைக் கல்வியில் பயில்வோர்க்குப் படிப்பறையாகத் திறந்துவிடுங்கள். நல்ல இணைய இணைப்பு ஒன்று, பழைய கணிப்பொறிகள் இரண்டு, ஒரு நீண்ட மேசை, இவை போதும். ஓய்வு பெற்ற பேராசிரியர்களும் அதிகாரிகளும் இங்கே பலர் இருக்கிறீர்கள். மாதத்திற்கு இரண்டு கட்டுரைகளைப் படித்து, ஓரத்தில் பென்சிலால் நாலு சொல் எழுதித் தாருங்கள். நம் பிள்ளைகள் தமிழ் கற்க, 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனத்தின் பாடங்கள் இணையத்தில் உள்ளன. பாடம் அங்கே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து உச்சரிப்பைத் திருத்தும் பாட்டியும் தாத்தாவும் இங்கே இருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் பாடம் நிரம்பும்.

இன்னும் ஒன்று. அவ்வறையின் கதவு சங்க உறுப்பினர்க்கு மட்டும் திறப்பதாக இருத்தல் கூடாது. இந்நகரில் நம் வீடுகளில் பாத்திரம் துலக்குவோரும், வண்டி ஓட்டுவோரும், கட்டட வேலை செய்வோரும் தமிழர் பலர். அவர்கள் இந்த ஆண்டு விழாவிற்கு வருவதில்லை; நாமும் அழைப்பதில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த மேசையில் முதலிடம் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"அந்தப் பையன் இப்போது எங்கே?" என்ற வினாவிற்கு விடை தேடிச் சென்ற ஆண்டு போனேன். அவன் வளர்ந்துவிட்டான், வண்டியை இப்போது தானே ஓட்டுகிறான். நான் அன்று பேசியதற்கு வருத்தம் தெரிவித்தேன். அவன் நாணத்தோடு சிரித்து, "அதெல்லாம் மறந்துட்டேன் டீச்சர்" என்றான். பிறகு சிறிது நேரம் கழித்து, பத்தாம் வகுப்பை இப்போதும் எழுத முடியுமா என்று கேட்டான். முடியும், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம் என்றேன். பாடநூல்கள் கைப்பேசியிலேயே கிடைக்கும். இப்போது அவனிடம் சொந்தமாகக் கைப்பேசி உண்டு. முதற் காற்பங்குக்குக் குறைவில்லை.

எஞ்சிய முக்காற்பங்கிற்கு, ஞாயிறு காலை அந்த அறையில் நான் இருப்பேன். உங்களுள் சிலரும் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.